கோப்பின் உரிமை: குருதி வழியா, மண் வழியா?

ஓர் உரிமை எங்கிருந்து வருகின்றது என்ற வினா அறவியலிற் பழையது. கணினியிற் கோப்பொன்று தோன்றும் கணத்தில் அவ்வினாவே மீண்டும் எழுகின்றது. அதனை யார் வாசிக்கலாம், யார் திருத்தலாம் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? பெரும்பாலும் எவருமில்லை, அனுமதி மரபுரிமையாகவே வந்து சேர்கின்றது. எவ்வழியால் வருகின்றது என்பதிலேதான் பணிசெயல் முறைமைகள் தம்முள் வேறுபடுகின்றன.

1969இல் பெல் ஆய்வுகூடங்களில் தொடங்கிய யுனிக்ஸ் மரபில், உரிமையாளர், குழு, ஏனையோர் என்னும் மூவகையினர்க்கும் வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என மும்மூன்று அனுமதிகள் உள. புதிய கோப்புப் பிறக்கும்போது, அது இருக்கும் கோப்புறையின் அனுமதிகள் வழக்கமாகக் கருதப்படுவதில்லை. கோப்பை ஆக்கும் செய்நிரல் வேண்டும் அனுமதிகளிலிருந்து 'யூமாஸ்க்' எனும் மறைப்புச் சிலவற்றை நீக்கிவிடும். இம்மறைப்போ தாய்ச் செயன்முறையிலிருந்து சேய்ச் செயன்முறைக்கு இறங்கி வருவது. ஆகவே யுனிக்ஸ் மரபுரிமையை ஒழித்த முறைமையன்று. அதனைக் குருதி வழியாக்கிய முறைமை. (குழு மட்டும் சிலவேளை கோப்புறையிலிருந்து வருவதுண்டு.)

விண்டோஸ் மண் வழியைப் பற்றியது. கோப்பு எக்கோப்புறையிற் பிறந்ததோ அதன் அனுமதிப் பட்டியலிலிருந்தே தன் உரிமைகளைப் பெறுகின்றது. விண்டோஸ் 2000 முதல், மேற்கோப்புறையிற் செய்யப்படும் மாற்றம் பின்னரும் கீழிறங்கிப் பரவுகின்றது. விந்தை யாதெனின், கோப்பொன்றை வேறு கோப்புறைக்குப் பிரதி செய்தால் அப்பிரதி புதிய மண்ணின் உரிமையைப் பெறும். அதே வட்டுப் பிரிவினுள் இடம்பெயர்த்தாலோ பழைய உரிமைகளைச் சுமந்தே செல்லும். குடிபெயர்ந்தவன் பழைய ஊரின் உரிமையோடு வாழ, அவன் சாயலிற் பிறந்தவன் புதிய ஊரவனாகின்றான். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தைக் கற்றோர்க்கு இத்தகைய வேறுபாடுகள் வெறும் நுட்பங்களாகத் தோன்றமாட்டா.

இவற்றுள் எது நீதியானது? மண் வழியில் மேலே ஒரு திருத்தம் போதும். ஆயின் மேலே நேரும் ஒரு தவறும் ஆயிரம் கோப்புகளைத் திறந்துவிடும். குருதி வழியிலும் பொறுப்புத் தெளிவானதன்று. என்றோ எவரோ வகுத்த மறைப்பை ஆக்கியோன் அறியாமலே இருக்கக்கூடும். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே சிந்தித்து முடிவெடுத்தல் மனிதர்க்கு இயலாததாகையால் மரபுரிமையைக் கண்டித்துப் பயனில்லை. வந்த உரிமை எங்கிருந்து வந்ததெனக் காட்டப்படுகின்றதா, வேண்டாதபோது துண்டிக்கப்படலாமா என்பதே கேட்கவேண்டியது. இவ்வகையில் விண்டோசே நேர்மையானது எனல் வேண்டும். யுனிக்சின் ஒன்பது குறிகளை நோக்குவோர், அவை சிந்தித்து இடப்பட்டவையா, தாமே வந்தவையா என அறிய வழியில்லை. விண்டோஸ் பட்டியலிலோ வழிவழி வந்த பதிவு அவ்வாறே குறிக்கப்படுகின்றது. அத்தொடர்பை அறுக்கவும் முடியும். மேலும், நேரடியாக இடப்பட்ட பதிவுகள் முதலிலும் மரபாக வந்தவை பின்னரும் பரிசீலிக்கப்படுவதால், மேலிருந்து வந்த மறுப்பை, அக்கோப்புக்கென்றே வழங்கப்பட்ட அனுமதி வென்றுவிடுகின்றது.