கூம்புக் கருவிழி: திருத்துவதும் தடுப்பதும்

ஏரியூர்ப் பக்கம் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் கண்ணாடியின் பவர் ஏறினால், வீட்டில் செல்போனைக் குறை சொல்வார்கள்; இல்லையேல் கீரை தின்னாததைச் சொல்வார்கள். பெரும்பாலும் அது சாதாரணக் கிட்டப்பார்வையாகவே இருக்கும். சிலருடைய கதை வேறு. புதுக் கண்ணாடி போட்ட பின்னும் எழுத்துக்கு நிழல் விழும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு கீற்றுக் கீற்றாகச் சிதறும். ஒரு கண் மற்றதைவிட மிகவும் மங்கியிருக்கும். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் ஏறுவதோடு அதன் அச்சும் மாறிக்கொண்டிருக்கும். இவர்களைக் கெரட்டோகோனஸ் என்னும் கூம்புக் கருவிழி நோய்க்காகச் சோதிக்க வேண்டும். இந்நோயில் பார்வையைத் திருத்துவது ஒரு வேலை, நோய் வளராமல் தடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலை முடிந்தால் இரண்டாவதும் முடிந்தது என்று கருதுவதால்தான் பலருக்கு மீட்க முடியாத ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, கருவிழியின் அமைப்பிலிருந்து தொடங்குவோம்.

கருவிழி கறுப்பானதன்று, கண்ணின் முன்புறம் பளிங்குபோல் தெளிந்து நிற்கும் படலம் அது. பின்னாலுள்ள கருமை அதனூடே தெரிவதால் அந்தப் பெயர். நடுவில் அதன் தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். அந்தத் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு, கொலாஜன் இழைகள் தட்டுத்தட்டாக அடுக்கிய நடு அடுக்கு. கண்ணின் மொத்த ஒளிக்குவிப்புத் திறன் சுமார் 60 டயாப்டர். அதில் 43 அளவுக்குக் கருவிழியே தருகிறது. ஆகவே அதன் வளைவு சிறிது பிசகினாலும் பார்வை பெரிதும் பிசகும்.

அந்த வளைவைக் காப்பவை இழைகள் மட்டுமல்ல, இழையை இழையோடு பிணைக்கும் குறுக்குப் பிணைப்புகளும்தான். நாகமரைப் பக்கத்துப் பரிசலை எண்ணிப் பாருங்கள். மூங்கில் பத்தை ஒன்றுகூட முறியாமலிருக்கலாம். பின்னல் தளர்ந்தால் வடிவம் போய்விடும். அவ்வாறே பிணைப்பு தளர்ந்த கருவிழி மெலிகிறது. கண்ணுக்குள் இயல்பாகவே உள்ள அழுத்தம் மெலிந்த இடத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. பெரும்பாலும் மையத்துக்குச் சற்றுக் கீழே கூம்புபோலப் புடைக்கிறது. புடைப்பு ஒழுங்கற்றது, மூக்குக் கண்ணாடியோ ஒழுங்கான வளைவுப் பிழையை மட்டுமே ஈடுசெய்யும். எத்தனை முறை மாற்றினாலும் எழுத்தின் நிழல் முழுதும் நீங்காததன் காரணம் இதுவே.

நோய் பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கி, இருபதுகளில் வேகமெடுத்து, முப்பதுகளுக்குப் பின் தணியும். வயது ஏற ஏறக் கருவிழியில் குறுக்குப் பிணைப்புகள் தாமாகவே பெருகி அது இறுகுவதே இந்தத் தணிவுக்குக் காரணம். தோற்றுவிக்கும் காரணம் ஒன்றல்ல. குடும்பவழியாக வரும் பாங்கு உண்டு. ஒவ்வாமையும், அதனால் வரும் அரிப்பும், அரிப்புக்காகக் கண்ணைக் கசக்கும் பழக்கமும் உண்டு. விரல் கணுவால் அழுத்திக் கசக்குவது, ஏற்கெனவே தளர்ந்த படலத்தை மேலும் நசுக்குவதாகும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்து 1986இல் வெளியான ஆய்வு, சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் என்றது. மத்திய இந்தியக் கிராமங்களில் முப்பது வயது கடந்தோரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வோ நூற்றுக்கு 2.3 பேர் என்றது. இரண்டிலும் அளந்த முறை வேறாதலால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. எனினும் நம் நாட்டில் இதை அரிய நோய் என்று ஒதுக்க இடமில்லை.

கண்டறிவதில் இரண்டு படிகள். ரெட்டினாஸ்கோப் ஒளியில் கத்தரிக்கோல் திறந்து மூடுவதுபோன்ற அசைவு தெரிந்தால் தேர்ந்த பரிசோதகருக்கு ஐயம் எழும். உறுதி செய்வது, கருவிழியின் மேடுபள்ளங்களை வண்ணப்படமாகக் காட்டும் டோபோகிராபி. வழக்கமான பவர் சோதனை வடிவத்தைக் காட்டாது. நோய் வளர்கிறதா என்பதை அறிய இடைவெளிவிட்டு எடுத்த இரண்டு படங்கள் தேவை. கூம்பின் செங்குத்து ஓராண்டில் ஒரு டயாப்டருக்கு மேல் ஏறியிருந்தால் வளர்கிறது என்று கொள்வது வழக்கம். சிறுவர்களிடம் விரைந்து வளருமாதலால் மருத்துவர்கள் அவ்வளவு காத்திருப்பதில்லை. கண்ணாடியை விட்டொழிக்க லேசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்துகொள்ள விரும்பும் இளைஞர்களுக்கும் இந்தப் படம் இன்றியமையாதது. மெலிந்த கருவிழியை அச்சிகிச்சை மேலும் மெலியச் செய்யும்.

இனி, தடுக்கும் வேலை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் வோலன்சாக், ஸ்போர்ல், சைலர் ஆகியோர் குறுக்குப் பிணைப்புச் சிகிச்சையின் முதல் மருத்துவ முடிவுகளை 2003இல் வெளியிட்டனர். மூல முறையில் கருவிழியின் மேல்தோலை நீக்கி, ரிபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமின் சொட்டுகளை விட்டு ஊறவைத்து, 30 நிமிடம் புற ஊதா ஒளி பாய்ச்சுவார்கள். இழைகளுக்கிடையே புதுப் பிணைப்புகள் உண்டாகும். உட்புறச் செல்களைக் காக்க, ஒளி படும்போது 400 மைக்ரான் தடிமனாவது இருக்க வேண்டும். அதைவிட மெலிந்த கண்களுக்கு, ரிபோஃபிளேவினில் ஊறிய கான்டாக்ட் லென்சை மேலே வைத்துத் தடிமனைக் கூட்டும் முறையைச் சென்னை டாக்டர் அகர்வால் கண் மருத்துவமனையின் சூசன் ஜேக்கப் 2014இல் அறிவித்தார். சிகிச்சைக்குப் பின் சில நாள் வலியும் கூச்சமும் இருக்கும். பெரும்பாலோருக்கு நோய் நிற்கும். கண்ணாடி தேவைப்படாமல் போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது திருத்தும் வேலை. தொடக்கத்தில் கண்ணாடி போதும். பின்னர் காற்று ஊடுருவும் கடின லென்ஸ் அல்லது வெண்விழியில் அமரும் ஸ்கிளீரல் லென்ஸ். லென்சுக்கும் கருவிழிக்கும் நடுவே திரவம் நிரம்பி, மேடுபள்ளத்தின் பிழையை மறைக்கும். லென்ஸ் எவ்வளவு தெளிவு தந்தாலும் நோயை நிறுத்தாது. அதைக் குழாய்த் தண்ணீரிலோ கிணற்று நீரிலோ கழுவுதல் ஆகாது, கடுந்தொற்று நேரலாம். சிலருக்கு நடு அடுக்கில் வளையத் துண்டுகளைப் பொருத்துவார்கள். தழும்பேறிய முற்றிய நிலைக்கே கருவிழி மாற்று. அதற்கும் தமிழகத்தில் நீண்ட மரபு உண்டு: எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1945இல் கண் வங்கி தோன்றியது, 1948இல் அங்கே டாக்டர் முத்தையா கருவிழி மாற்று அறுவை செய்தார்.

ஏரியூர்க் குடும்பத்துக்கு இவற்றால் விளையும் கடமைகள் சில. பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் படங்களையும் ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள். வளர்ச்சிக்குச் சான்று அவைதாம். கண் அரித்தால் கசக்காமல், மூடிய இமைமேல் ஈரத்துணி வைத்து, மருத்துவர் தரும் ஒவ்வாமைச் சொட்டைப் பயன்படுத்துங்கள். ஸ்டீராய்டு சொட்டைக் கடையில் தாமாக வாங்கித் தொடர்ந்தால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரக்கூடும். திடீரென வலியோடு கண் வெளுத்து மங்கினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்தோரையும் சோதியுங்கள். கருவிழிச் சிறப்பு மருத்துவருக்காகச் சேலத்துக்கோ கோவைக்கோ போக நேரலாம். லென்ஸ் அணிபவர் சோதனைக்கு எத்தனை நாள் முன்பே அதைக் கழற்ற வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்டறியுங்கள். அங்கே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: சென்ற படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையே வடிவம் மாறியிருக்கிறதா? இன்றைய பார்வைக்கு ஏற்றது எது? இரண்டுக்கும் தனித்தனி விடை பெற்ற பிறகே அடுத்த கண்ணாடிக்கு ஆர்டர் கொடுங்கள்.