மன்னிக்க யாருக்கு உரிமை?

கூட்டுக் குற்றத்தில் முதலில் வந்து உண்மையைச் சொல்பவரைத் தண்டிக்காமல் விடலாமா? இந்தியப் போட்டி ஆணையம் விடலாம் என்கிறது. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. கூடிப் பேசி விலையை உயர்த்திய நிறுவனங்களில் முதலில் முழுத் தகவலோடு வருவதற்கு அபராதம் 100 சதவீதம் வரை குறையலாம். இரண்டாவதற்கு 50 வரை, பின்னால் வருபவற்றுக்கு 30 வரை. டார்ச் விளக்குக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் போடும் பேட்டரியின் விலையில் பானாசோனிக், எவரெடி, நிப்போ மூன்றும் கைகோத்திருந்தது, 2016இல் பானாசோனிக்கே ஆணையத்திடம் போய்ச் சொன்னதால்தான் வெளிவந்தது. 2018 ஏப்ரலில் ஆணையம் எவரெடிக்கு 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பானாசோனிக்குக்கு முழு விலக்கு.

கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தவருக்குப் பரிசா என்று மனம் முரண்டுவது இயல்பு. ஆனால் மூன்றாம் மனிதரின் பணத்தைப் பறிப்பதற்காக இருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு யாரையும் கட்டாது. அதை மீறுவதில் துரோகமும் இல்லை. தவிர, இந்தத் தவறு வெளியே தடயம் விடுவது அரிது. கூடுதல் விலை கொடுத்தவருக்கே தாம் ஏமாந்தது தெரியாது. உள்ளிருந்து ஒருவர் பேசுவதற்காக அரசு தன் தண்டனையைக் கைவிடுவதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

என் ஆட்சேபம் வேறு இடத்தில். ஆணையம் வசூலிக்கும் அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. ஆகவே அரசு விட்டுக்கொடுப்பது தனக்கு வர வேண்டியதை மட்டுமே. பேட்டரி வாங்கியவர்களிடம் கூடுதலாகப் பெற்ற பணம் நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. சக மனிதருக்கு இழைத்த தீங்கை அவரே மன்னிக்காதவரை இறைவனின் மன்னிப்பும் அதை அழிக்காது என்பது இஸ்லாமிய அறிஞர்கள் அழுத்திச் சொல்வது. கத்தோலிக்க மரபிலும் திருடியவர் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதாது, எடுத்ததைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். இறைவனுக்கே இந்த எல்லை என்றால், பாதிக்கப்பட்டவரின் சார்பில் மன்னிக்க ஆணையத்துக்கு ஏது அதிகாரம்? மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் வழி உண்டுதான். ஒரு பேட்டரிக்குச் சில்லறைக் காசு கூடக் கொடுத்தவர் அதற்காகத் தில்லிக்குப் போய் வழக்காடுவாரா?

பணத்தைத் திருப்பித் தரச் சொன்னால் ஒருவரும் முன்வர மாட்டார்கள் என்பது வலுவான மறுப்பு. ஆனால் இத்தகைய கூட்டுக்கு அபராதம் லாபத்தைப் போல மூன்று மடங்கு வரை, அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம் வரை போகக்கூடும். அப்படியிருக்க, முறைகேடாக வந்த லாபத்தை மட்டும் வைத்துவிட்டுப் போ என்றாலும் முந்தி வருபவருக்கு ஆதாயம் மிஞ்சும். வாங்கியவர் யாரென்றே தெரியாதே என்பது அடுத்த மறுப்பு. உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத பணத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் தர்மத்தில் சேர்க்கச் சொல்கிறது இஸ்லாமியச் சட்ட மரபு. நம் ஜி.எஸ்.டி. சட்டமும் இதற்கு வழி செய்திருக்கிறது. வரி குறைந்தும் விலையைக் குறைக்காத வியாபாரியை, வாங்கியவர் அடையாளம் தெரியாதபோது, அந்தத் தொகையை நுகர்வோர் நல நிதியில் கட்ட வைத்தது. 2022 டிசம்பர் முதல் சில காலம் அந்த வழக்குகளை விசாரித்ததும் இதே போட்டி ஆணையம்தான்.