"சித்தமானால்" என்று ஜெபிப்பது அவிசுவாசமா?

ஆதார வசனம்: மாற்கு 14:36

இந்தச் செய்தியை வாசிக்குமுன் வேதத்தைத் திறந்து, மேலே குறித்திருக்கும் வசனத்தை ஒருமுறை நிதானமாய் வாசித்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய சபைகளிலே இரண்டு விதமான ஜெபங்களைக் கேட்கிறோம். ஒரு சகோதரர் எழும்பி நின்று, "ஆண்டவரே, இந்த வியாதி இந்த நிமிஷமே விலகணும்! ராத்திரிக்குள்ள சுகம் தெரியணும்!" என்று சத்தமிட்டு ஜெபிக்கிறார். பக்கத்திலே ஒரு வயதான தாயார் கண்ணீரோடே, "அப்பா, உம்முடைய சித்தம்போல செய்யும்" என்கிறார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் பேச்சு ஆரம்பிக்கும். "சித்தமானால்னு சொல்லிட்டாலே விசுவாசம் போச்சு பிரதர்" என்பார் ஒருவர். "ஆண்டவருக்கே ஆர்டர் போடுறாங்களே, இது என்ன ஜெபம்?" என்பார் இன்னொருவர்.

இது வெறும் பேச்சோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. ஆனால் இதனால் உடைந்துபோன வீடுகள் உண்டு. ஒரு வீட்டிலே நாள்கணக்காய் உபவாசித்து ஜெபித்தும் பிள்ளை மரித்துப்போகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "எங்கேயோ விசுவாசம் குறைஞ்சிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிள்ளையையும் இழந்து, அந்தச் சாவுக்கும் தானே காரணம் என்று எண்ணி, அந்தத் தாய் சபைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள். இன்னொரு வீட்டிலோ, "எது நடக்கணுமோ அது நடக்கும்" என்று சொல்லி முழங்கால் போடுவதையே விட்டுவிட்டார்கள். முதல் வீட்டிலே ஜெபம் மந்திரமாக்கப்பட்டது. இரண்டாம் வீட்டிலே தேவசித்தம் தலைவிதியாக்கப்பட்டது. இரண்டும் சத்துருவின் கண்ணிதான். அப்படியானால் எப்படி ஜெபிப்பது? ஆண்டவரிடமே கற்றுக்கொள்வோம்.

1. ஒரே வாயிலிருந்து வந்த இரண்டு ஜெபம்

கெத்செமனே தோட்டத்திலே இயேசு என்ன ஜெபித்தார்? முதலாவது, பிதாவாலே எல்லாம் கூடும் என்று அறிக்கை செய்தார். இரண்டாவது, இந்தப் பாத்திரத்தைத் தம்மைவிட்டு எடுத்துப்போடும்படி நேரடியாய்க் கேட்டார். சுற்றி வளைக்கவில்லை. மூன்றாவது, தம்முடைய சித்தமல்ல, பிதாவின் சித்தமே ஆகட்டும் என்று ஒப்புக்கொடுத்தார். விசுவாச அறிக்கை, தைரியமான விண்ணப்பம், ஒப்புக்கொடுத்தல், மூன்றும் ஒரே வசனத்திலே இருக்கிறது. நாம்தான் அதைப் பிய்த்து, ஆளுக்கொரு துண்டாய் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம்.

அந்த ஜெபம் எந்த வார்த்தையிலே ஆரம்பிக்கிறது, பாருங்கள்: "அப்பா." வேலைக்காரன் எஜமானுடைய சட்டையைப் பிடித்து இழுக்கமாட்டான். பிள்ளை இழுக்கும், அடம்பிடிக்கும், திரும்பத் திரும்பக் கேட்கும். ஆனால் அப்பா "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் பிள்ளை வீட்டைவிட்டு ஓடிப்போகாது. அழுதுகொண்டே அதே அப்பாவின் மடியிலேதான் படுத்துத் தூங்கும். கேட்கிற தைரியமும் மடியிலே தூங்குகிற நம்பிக்கையும் ஒரே உறவிலிருந்து வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மத்தேயு 26-ஆம் அதிகாரத்திலே 39-ஆம் வசனத்தையும் 42-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். முதல் ஜெபத்திலே பாத்திரம் நீங்கவேண்டும் என்கிற விண்ணப்பம் முன்னே நிற்கிறது. இரண்டாம் ஜெபத்திலே, பானம்பண்ணினாலொழிய அது நீங்காது என்றால் பிதாவின் சித்தமே ஆகட்டும் என்பது முன்னே வந்துவிட்டது. ஜெபிக்க ஜெபிக்க ஒப்புக்கொடுத்தல் ஆழமாகிறது. முழங்காலிலே, கண்ணீரோடே, இரத்தத்தின் பெருந்துளிகள் போன்ற வேர்வையோடே வந்த வார்த்தை அது. நாமோ பலவேளைகளில் ஜெபிக்கச் சோம்பல்பட்டு, "சித்தம்போல ஆகட்டும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு எழும்பிவிடுகிறோம். அது ஒப்புக்கொடுத்தல் அல்ல, தப்பித்துக்கொள்ளுதல்.

பாத்திரம் நீங்கவில்லை. ஆனாலும் அவருடைய ஜெபம் கேட்கப்பட்டது என்று எபிரெயர் 5:7 சொல்லுகிறது. தோட்டத்திலே பலப்படுத்த ஒரு தூதன் வந்தான். மூன்றாம் நாளிலே கல்லறை திறந்தது. அல்லேலூயா! கேட்டபடி நடக்காத ஜெபமும் கேட்கப்படாத ஜெபமும் ஒன்றல்ல.

2. இரண்டு "ஆனால்"கள்

மாற்கு சுவிசேஷத்திலே இரண்டு பேர் "ஆனால்" போட்டு ஜெபிக்கிறார்கள். முதலாம் அதிகாரத்திலே ஒரு குஷ்டரோகி. ஆண்டவருக்குச் "சித்தமானால்" தன்னைச் சுத்தமாக்க முடியும் என்கிறான். ஒன்பதாம் அதிகாரத்திலே ஊமையான ஆவி பிடித்த பிள்ளையின் தகப்பன். ஏதாவது செய்யக் "கூடுமானால்" உதவும்படி கெஞ்சுகிறான்.

ஆண்டவர் எந்த "ஆனாலை"த் திருத்தினார்? தகப்பனுடைய "கூடுமானால்" என்பதைத்தான் திருத்தினார். விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்றார். குஷ்டரோகியின் "சித்தமானால்" என்பதை அவர் கண்டிக்கவே இல்லை. மனதுருகி, கையை நீட்டி, தொட்டு, தமக்குச் சித்தமுண்டு என்று சொல்லி அவனைச் சுத்தமாக்கினார்.

ஆகவே பிரியமானவர்களே, தேவனுடைய வல்லமையைச் சந்தேகிப்பது அவிசுவாசம். தேவனுடைய சித்தத்துக்கு முன் தலைவணங்குவது அவிசுவாசம் அல்ல. "உம்மாலே முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்பது உம்முடைய கரத்திலே" என்பவன் விசுவாசி. அக்கினிச் சூளைக்கு முன் நின்ற அந்த மூன்று வாலிபர்களையும் பாருங்கள் (தானியேல் 3:17,18). தேவன் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். விடுவிக்காமற்போனாலும் பொற்சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். இந்த இரண்டாவது பாதி இல்லாதிருந்தால், அவர்களுடைய விசுவாசம் சூளையின் வாசலோடு நின்றிருக்கும்.

3. ஒரே ஏரோது, இரண்டு பதில்

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தினாலே கொலைசெய்தான். பேதுருவையும் பிடித்துச் சிறையில் வைத்தான். தேவதூதன் வந்து பேதுருவை வெளியே கொண்டுவந்தான். ஒரே அதிகாரம், ஒரே ராஜா, ஒரே சபை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று வேதம் எங்கேயாவது சொல்லுகிறதா? இல்லவே இல்லை.

பேதுருவுக்கு விடுதலை கிடைத்ததற்கு ஜெபித்தவர்களுடைய பெரிய விசுவாசம்தான் காரணம் என்றும் சொல்லமுடியாது. பேதுரு வந்து கதவைத் தட்டுகிறான். ரோதை ஓடிப்போய்ச் சொல்லுகிறாள். "உனக்குப் பைத்தியமா?" என்கிற விதமாகத்தான் கேட்கிறார்கள்! ஜெபம்பண்ணிக்கொண்டே நம்பாதிருந்தவர்களுக்கும் கர்த்தர் பதில் கொடுத்தார். அது அவருடைய கிருபை.

ஆனால் அந்தச் சபையிடம் ஒரு காரியத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். யாக்கோபு மரித்தபின் அவர்கள், "இனி ஜெபித்து என்ன பிரயோஜனம்?" என்று கலைந்துபோகவில்லை. பேதுருவுக்காக ஊக்கமாய் ஜெபித்தார்கள். ஒரு சவப்பெட்டிக்குப் பின்னே நடந்து வந்த சபை, மறுபடியும் கூடி, மறுபடியும் தைரியமாய்க் கேட்கிறதே, அதுதான் விசுவாசம்!

பவுலையும் பாருங்கள். அவருடைய சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களாலே எபேசுவிலே வியாதிகள் நீங்கின. அதே பவுல்தான் துரோப்பீமுவை வியாதியுள்ளவனாய் மிலேத்துவிலே விட்டுவந்தார் (2 தீமோ. 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கைவைத்தியம் சொன்னார். ஆகவே ஜெபிக்கிறவர்கள் மருந்தை நிறுத்தத் தேவையில்லை. மாத்திரையைத் தூக்கி எறிவது விசுவாசத்துக்கு அடையாளம் அல்ல.

4. லூத்தரின் இரண்டு முழங்கால்கள்

1540-ஆம் ஆண்டு ஜூன் மாதம். மார்ட்டின் லூத்தரின் நெருங்கிய உடன் ஊழியர் பிலிப் மெலாங்தன், ஜெர்மனியிலுள்ள வைமார் பட்டணத்திலே மரணப்படுக்கையில் கிடந்தார். லூத்தர் போய்ப் பார்த்தபோது ஆளே அடையாளம் தெரியாதபடி இருந்தார். லூத்தர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தேவனோடே போராடினார். ஜெபத்தைக் கேட்பேன் என்று வேதத்தில் தேவன் கொடுத்திருக்கிற வாக்குத்தத்தங்களையெல்லாம் அவர் முன்னே எடுத்து வைத்தார். பிறகு நண்பரின் கையைப் பிடித்து, நீர் சாகமாட்டீர் என்றார். சாப்பிட மறுத்தவரை அதட்டிச் சாப்பிட வைத்தார். மெலாங்தன் பிழைத்தார். 1546-ஆம் ஆண்டு லூத்தருடைய அடக்கத்திலே பேசினவர் இந்த மெலாங்தன்தான். 1560 வரைக்கும் உயிரோடிருந்து ஊழியம் செய்தார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1542 செப்டம்பரில், லூத்தருடைய சொந்த மகள் மக்தலேனா வியாதிப்பட்டாள். வயது 13. அதே லூத்தர், அதே முழங்கால், அதே தேவன். மகளை மிகவும் நேசிப்பதாகத் தேவனிடம் சொன்னார். ஆனாலும் தேவசித்தம் ஆகட்டும் என்று ஒப்புக்கொடுத்தார். அந்தப் பிள்ளையும் தேவனுடைய சித்தத்துக்கு மனதாய் இணங்கினாள். தகப்பன் கைகளிலேயே அவளுடைய ஜீவன் பிரிந்தது. ஒப்புக்கொடுத்தவர் அழவில்லையா? அழுதார். தானும் மனைவியும் அழாமல் நன்றி சொல்ல முடியவில்லை என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

இந்த இரண்டு ஆண்டுக்குள் லூத்தருடைய விசுவாசம் குறைந்துவிட்டதா? தேவனுடைய அன்பு குறைந்துவிட்டதா? இரண்டும் இல்லை. வைமாரில் கிடைத்த பதிலும், மகளுடைய படுக்கையண்டையில் கிடைத்த பதிலும் ஒரே பிதாவின் கையிலிருந்து வந்தவை.

நம்முடைய திருநெல்வேலிச் சீமையிலும் ஒரு சாட்சி உண்டு. தோனாவூரிலே பிள்ளைகளெல்லாம் "அம்மா" என்று அழைத்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபரில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார்கள். அதற்குப் பின் பழைய பெலன் திரும்பவே இல்லை. 1951-இல் மரிக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் அந்த ஒரே அறையிலேதான் இருந்தார்கள். ஆனால் அந்த அறையிலிருந்து ஜெபமும் புத்தகங்களும் கடிதங்களும் புறப்பட்டு, அநேக தேசங்களில் துன்பப்படுகிறவர்களைத் தேற்றின. படுக்கை கட்டிப்போட்டது சரீரத்தைத்தான், ஊழியத்தை அல்ல.

5. இனி எப்படி ஜெபிப்போம்?

தேவபிள்ளையே, பதில் வரும்வரை கேள். கூச்சப்படாதே. நடுராத்திரியிலே மூன்று அப்பத்துக்காகக் கதவைத் தட்டினவனைப்போலத் தட்டு. சுகம் வேண்டுமா, சுகம் வேண்டும் என்றே கேள். மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல். அதே நேரத்தில் தேவனுக்கு நாள் குறிக்காதே, வழி குறிக்காதே.

வேறொரு பதில் வந்தால் தாவீதைப்போல எழும்பு. பிள்ளைக்காக ஏழு நாள் தரையிலே கிடந்த மனிதன், பிள்ளை மரித்தது என்று தெரிந்ததும் எழுந்து, குளித்து, எண்ணெய் பூசிக்கொண்டு, முதலாவது கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டான் (2 சாமு. 12:20). சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "ஏன் நடந்தது" என்று விளக்கம் சொல்லப் போகாதீர்கள். பக்கத்திலே உட்காருங்கள். அழுகிறவர்களோடே அழுங்கள். லாசருவின் கல்லறையண்டையில் நம் ஆண்டவரே கண்ணீர் விட்டாரே!

"நான் ஜெபிச்சேன், நடக்கலை, இனிமேல் ஜெபிக்கமாட்டேன்" என்று கதவை அடைத்துக்கொண்டு இருக்கிற சகோதரியே, சகோதரனே, உன்மேல் யாரோ சுமத்தின குற்றத்தை இன்றைக்கு இறக்கி வை. உன் விசுவாசக் குறைவினாலேதான் அப்படி நடந்தது என்று சொல்ல எந்த மனுஷனுக்கும் அதிகாரம் இல்லை. உன் கண்ணீரை அறிந்த அப்பா இன்னும் உன்னை அழைக்கிறார். மறுபடியும் முழங்காலிலே வா.

ஜெபம்:

அப்பா, உம்மாலே ஆகாதது ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலுள்ள வியாதிக்கு, கடனுக்கு, கண்ணீருக்கு விடுதலை தாரும் என்று துணிந்து கேட்கிறோம். நாங்கள் கேட்டபடி கொடுத்தாலும் உம்மைத் துதிப்போம். நாங்கள் நினையாத வழியிலே நடத்தினாலும் உம்முடைய கையை விடமாட்டோம். பிள்ளையை இழந்த தாய்மாரைத் தேற்றும். ஜெபத்தை விட்டவர்களை மறுபடியும் எழுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.