போகப் போகிறேன்

எங்கள் மாடி வீட்டுப் பெண் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டாவது மொழியாக ஃபிரெஞ்சு எடுத்திருக்கிறாள். காரணம் காதல் அல்ல, மார்க். தினமும் காலை ஆறரை மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து உரக்க ஒப்பிப்பாள். 'ஜெ வே, த்யூ வா, இல் வா... நூ ஸாலோன், வூ ஸாலே, இல் வோன்.'

பத்து நாளில் எனக்கும் மனப்பாடம். "என்னம்மா இது?" என்று கேட்டேன்.

"எதிர்காலம் அங்கிள். ஆனா ரொம்பத் தூர எதிர்காலம் இல்ல. பக்கத்து எதிர்காலம்!"

கற்றுக்கொள்வது ரொம்ப சுலபம். 'போ' என்கிற வினையை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால், செய்யப்போகிற வேலையின் பெயரை எதையும் ஒட்டாமல் மொட்டையாக வைக்க வேண்டும். அவ்வளவுதான். 'ஜெ வே பார்த்திர்' என்றால் 'நான் கிளம்பப் போகிறேன்'.

அட, இது நம்ம சமாசாரம் ஆச்சே! 'தூங்கப் போறேன்', 'மழை வரப் போகுது' என்று நாமும் தினம் சொல்கிறோமே. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகளுக்கு ஒரே யோசனை தோன்றியிருக்கிறது. நாளை என்பது நடந்து போய்ச் சேர வேண்டிய இடம்.

ஃபிரெஞ்சில் இன்னொரு எதிர்காலமும் உண்டு. 'ஜெ பார்த்திரே', அதாவது 'கிளம்புவேன்'. இதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. லத்தீனில் 'பாட வேண்டியிருக்கிறது' என்கிற மாதிரி, வினையோடு 'எனக்கு உண்டு' என்பதைச் சேர்த்துச் சொன்னார்கள். காலப்போக்கில் இரண்டும் ஒட்டிக்கொண்டு 'பாடுவேன்' ஆகிவிட்டது. ஆக, ஒரு எதிர்காலம் கடனிலிருந்து பிறந்தது. இன்னொன்று காலடியிலிருந்து.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு பெண்ணைப் பற்றி 'குழந்தை பிறக்கும்' என்று கடன் எதிர்காலத்தில் சொன்னால், என்றைக்கோ ஒருநாள். அதையே பக்கத்து எதிர்காலத்தில் சொன்னால், பெரும்பாலும் அவள் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள் என்று அர்த்தம். இன்றைக்கே ஏதோ ஆரம்பித்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த வாக்கியம் பொருந்தும்.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

கும்பகோணத்தில் எனக்கு ஒரு பள்ளிக்கூட சிநேகிதன். மனைவி போய்விட்டாள். மகன் வெளிநாட்டில். போன வருடம் அவனுக்குக் கண்புரை ஆபரேஷன். "கூட ஒரு ஆள் இருக்கணுமாம்டா. வர்றியா?" என்றான். "இதுல என்னடா கேள்வி, வரப் போறேன்" என்றேன்.

நான் பொய் சொன்னேனா? சத்தியமாக இல்லை. அந்த நிமிஷம் முழு மனசோடுதான் சொன்னேன். அப்புறம் ஒரு கல்யாணம் வந்தது. அடுத்து ஜுரம். பிறகு, தேதியே மறந்துபோனது.

நினைவு வந்து கூப்பிட்டபோது ஆபரேஷன் முடிந்து நாலு நாள். "உனக்கு போன் பண்ணணும்னுதான் இருந்தேன்" என்று ஆரம்பித்தேன். "பரவால்லடா. ஆட்டோக்காரரே உள்ள வந்து உக்காந்துட்டார். நல்ல மனுஷன்" என்றான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

'இருந்தேன்' என்றேனே, அதற்கும் ஃபிரெஞ்சில் வடிவம் இருக்கிறது. அதே 'போ'வை இறந்தகாலத்துக்கு மாற்றி 'ஜாலே' என்றால் போதும். 'செய்யப் போனேன், அதற்குள்...' என்று அர்த்தம். உலகத்துச் சாக்குகளெல்லாம் அந்த ஒரு வடிவத்தில் குடியிருக்கின்றன என்று நினைக்கிறேன். நாம் அதையும் தாண்டி, வீட்டில் பல் தேய்த்துக்கொண்டே போனில் 'இதோ வந்துட்டேன்' என்று நடக்காததை முடிந்துபோனதாகவே சொல்லிவிடுகிறோம்.

நல்லெண்ணத்தோடு சொல்லி, செய்யாமல் விட்டது பொய்யா இல்லையா? இதை வெகுநாள் யோசித்தேன். பதில் மாடிப்படியில் கிடைத்தது. அந்த வாக்கியத்தில் காலம் காட்டுகிற சொல் ஒன்றே ஒன்றுதான், 'போகிறேன்'. அது நிகழ்காலம்! செய்யப்போகிற வேலைக்கு அங்கே காலமே கிடையாது. அப்படியானால் அந்த வாக்கியம் உண்மையா என்று நாளைக்குப் பார்க்க வேண்டியதில்லை. இன்றைக்கே பார்த்துவிடலாம். டிக்கெட் எடுத்தேனா? லீவு சொன்னேனா? காலண்டரில் வட்டமாவது போட்டேனா? ஒன்றும் இல்லை. நான் அவனை ஏமாற்றியது ஆபரேஷன் அன்று அல்ல. 'வரப் போறேன்' என்று சொன்ன அன்றே.

கிளம்பியபின் வழியில் பஸ் மறியல் என்றால், அது விதி. கிளம்பவே இல்லையென்றால், அது நாம்.

மறுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஃபிரெஞ்சில் 'குடிக்கப் போவதில்லை' என்று சொல்லும்போது, மறுக்கிற சொற்கள் 'போ'வைத்தான் இரண்டு பக்கமும் சூழ்ந்துகொள்ளும். குடிப்பதைத் தொடாது. விட நினைப்பவர்களுக்கு இது நல்ல யோசனை. குடியோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்தத் தெருவுக்குப் போவதை நிறுத்துங்கள்.

1702-ல் பாரிஸில் இறந்த தொமினிக் பூஹூர் என்ற இலக்கணப் பண்டிதரைப் பற்றி ஒரு கதை உண்டு. சாகும் தறுவாயில், 'நான் சாகப் போகிறேன்' என்று சொல்ல வந்தவர், 'இதற்கு ஜெ வே என்றும் சொல்லலாம், ஜெ வா என்றும் சொல்லலாம், இரண்டும் வழக்கில் உண்டு' என்று விளக்கிவிட்டுக் கண்ணை மூடினாராம். நிஜமோ, யாராவது ஜோடித்ததோ! ஆனால் நாம் எல்லோரும் எந்த நாளிலும் பொய் கலக்காமல் சொல்லக்கூடிய பக்கத்து எதிர்காலம் அது ஒன்றுதான். பிறந்த அன்றே கிளம்பிவிட்டோமே! மற்ற வாக்கியங்களை உண்மையாக்குவது நம் கையில்.

சிநேகிதனுக்கு அடுத்த மாதம் இன்னொரு கண். இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. முதலில் ரயில் டிக்கெட் எடுத்தேன். பிறகுதான் போன் பண்ணினேன்.

நீங்கள் இன்று காலையிலிருந்து யார் யாரிடம் 'போறேன்' சொன்னீர்கள்? கொஞ்சம் எண்ணிப் பாருங்களேன். அவர்களில் யாராவது ஒருவர் இன்னமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.