ஆவியில் நிறைந்தவன் வீட்டில் எப்படி இருப்பான்?

 

இந்த மாதச் செய்திக்காக ஜெபித்துக்கொண்டிருந்தபோது எபேசியர் 5-ம் அதிகாரம் என் உள்ளத்தில் பாரமாய் வந்தது. அதில் 18-ம் வசனம் நம்ம சபைகளில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். குடியை விட்டு, பரிசுத்த ஆவியானவரால் நிரம்பி வாழும்படி அப்போஸ்தலனாகிய பவுல் அங்கே கட்டளை கொடுக்கிறார். நாம அந்த வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகிறோம். இன்னும் நாலு வசனம் தள்ளி வாசித்துப் பாருங்கள். பாட்டு வருகிறது, ஸ்தோத்திரம் வருகிறது. அடுத்து என்ன வருகிறது? பெண்சாதி, புருஷன், பிள்ளை, தகப்பன், வேலைக்காரன், எஜமான்! 6-ம் அதிகாரம் 9-ம் வசனம் வரைக்கும் இதேதான். ஆவியில் நிறைந்தவனை எங்கே பார்க்கலாம் என்று கேட்டால், பவுல் நம்மைக் கன்வென்ஷன் பந்தலிலிருந்து எழுப்பி அடுப்படிக்கும் பட்டறைக்கும் கூட்டிக்கொண்டு போகிறார்.

முதலில் குடியை எடுத்துக்கொள்வோம். 1937 அக்டோபர் 1-ம் தேதி, இராஜாஜி பிரதமராக இருந்த காலத்தில், மதராஸ் மாகாணத்திலேயே முதல்முதல் மதுவிலக்கு வந்தது நம் சேலம் ஜில்லாவில்தான். அதே ஜில்லாவில் 2003 முதல் அரசாங்கமே டாஸ்மாக் கடை வைத்து விற்கிறது. சட்டம் வரும், போகும். கர்த்தர் தொட்டதினால் குடியை விட்டவர்கள் நம் சபையில் உண்டு, அல்லேலூயா! ஆனால் பாத்திரத்தைக் காலி பண்ணிவிட்டு அப்படியே வைத்திருந்தால் போதுமா? பாட்டிலை விட்டவன் கோபத்தை விடவில்லை என்றால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு என்ன விடுதலை? ஒரு சகோதரி என்னிடத்தில் சொன்னாங்க: "பாஸ்டர், எங்க வீட்டுக்காரர் சபையில ஜெபம் பண்றப்ப ஆண்டவர்கிட்ட பேசுறாரே, அந்தக் குரல்ல என்கிட்ட ஒரு நாள் பேசினாப் போதுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புருஷர்களே, எண்ணிப் பாருங்கள். எபேசியர் 5-ல் மனைவிக்குச் சொன்னது 22 முதல் 24 வரை மூன்றே வசனம். 25 முதல் 33 வரை பெரும்பாலும் நமக்குத்தான். நாமோ அந்த மூன்றை மட்டும் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறோம்! கீழ்ப்படி என்று மனைவிக்குச் சொல்லுகிற வேதம், உயிரைக் கொடு என்று நமக்குச் சொல்லுகிறது. எது பாரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த நாட்களில் வீடு வேறு, தொழில் வேறு அல்ல. அதனால்தான் ஒரே மூச்சில் மனைவியையும் வேலையாளையும் பவுல் பேசுகிறார். நமக்கு அது புரியாத காரியமா? வீட்டுக்குள்ளேயே தறிக்குழி; அவர் நெய்வார், அந்த அம்மா தார் சுற்றும். சேலத்தில் செவ்வாப்பேட்டை, பனங்காடு பக்கம் போனால் முன்வாசலில் கொலுசுப் பட்டறை, பின்னால் சமையல். நம்ம பனமரத்துப்பட்டி பக்கத்து அரளித் தோட்டத்தில் பூப்பறிக்கக் குடும்பமாய் இறங்குகிறார்கள். கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீடும் அப்படிப்பட்டதுதான். ராயன் கிலவுதியு ரோமாபுரியை விட்டு யூதரைத் துரத்தினபோது பிழைக்க வந்தவர்கள். கூடாரம் செய்கிற தொழில். பவுலும் அந்த வீட்டிலேயே தங்கி, கூட உட்கார்ந்து வேலை செய்தார் (அப். 18:1-3). புதிய ஏற்பாட்டில் இந்த இருவர் பேரும் ஆறு இடத்தில் வருகிறது. ஒரு இடத்திலாவது தனியாய் வரவில்லை. ரோமர் 16:3-ல் மனைவியின் பேர்தான் முதலில் நிற்கிறது. தார் சுற்றின கைக்குக் கணக்கு எழுதாத நம் ஊர் வழக்கத்தை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். நெய்த கூலி புருஷன் பேரில் வருகிறது. அந்தப் பணத்தில் பாதி உழைப்பு யாருடையது? மளிகைக்குக் கை நீட்டி நிற்கவேண்டியவளா அவள்?

சில பேர், "எத்தனை நாள் உபவாசம் இருந்தாலும் ஜெபம் மேலே ஏறலைங்க ஐயா" என்கிறார்கள். 1 பேதுரு 3:7-ஐ வாசியுங்கள். மனைவிக்குக் கொடுக்கவேண்டிய கனத்தைக் கொடுக்காவிட்டால் ஜெபமே தடைபடும் என்று இருக்கிறது. மல்கியா தீர்க்கதரிசியும் இதையே கடுமையாய்ச் சொல்லுகிறார் (2:13,14). நம் ஏரியைப் பாருங்கள். ஒரு காலத்தில் சேலம் பட்டணத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த பெரிய ஏரி. பல வருஷம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஜருகுமலையில் மழை பெய்தால் மட்டும் போதாது, தண்ணீர் வருகிற வழி அடைபடாமல் இருக்கவேண்டும். வானத்தைக் குறைசொல்லுவதற்கு முன்னே வாய்க்காலைப் பார்க்கவேண்டாமா?

பிள்ளைகள் காரியம். 1992-ல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கினதும் நம் ஜில்லாவில்தான். மதுவிலக்கும் முதலில் இங்கே, தொட்டிலும் முதலில் இங்கே! பிறந்த பெண் குழந்தையைக் கொல்லாதே, வேண்டாம் என்றால் தொட்டிலில் போடு என்று ஒரு அரசாங்கம் கெஞ்சவேண்டிய நிலையில் நம் ஊர் இருந்தது. அதற்குக் காரணம் பல இருந்தாலும், வரதட்சணைப் பயம் பெரிய காரணம். வரதட்சணை வாங்கக்கூடாது என்று 1961-லேயே சட்டம் வந்தாயிற்று. விசுவாசிகளாகிய நாம் என்ன செய்கிறோம்? "நாங்க ஒண்ணும் கேக்கலைங்க, உங்க பொண்ணுக்கு நீங்க போடுறதைப் போடுங்க" என்கிறோம். இது கேட்கிறதிலேயே பெரிய கேள்வி! பாஸ்டர் முன்னால் கேட்காமல், தரகர் மூலமாய்க் கேட்டால் ஆண்டவருக்குக் கேட்காதா? மகனைப் பெற்ற தகப்பன்மார்களே, இந்தப் பாவத்தை உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்த உங்களால் முடியும். பெண் வீட்டாரால் முடியாது.

இனி கூலி. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும், ஆனாலும் சொல்லவேண்டும். கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது சாயும் முன்னே கொடு என்கிறது உபாகமம் 24:15. பிடித்துவைத்த கூலியே தேவனிடத்தில் கூக்குரலிடும் என்கிறார் யாக்கோபு (5:4). பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறியானாலும், வெள்ளிப் பட்டறையானாலும், முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கிற பழக்கம் நாம் அறிந்ததுதான். கொடுத்த கடனுக்காக ஒருவனை வேறு வேலைக்குப் போகவிடாமல் அடைத்துவைப்பது 1976-ம் வருஷச் சட்டப்படி குற்றம். மோசேயோ ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னமே, ஏழாம் வருஷத்தில் அடிமையை விடுதலை பண்ணு, வெறுங்கையாய் அனுப்பாதே என்று எழுதிவைத்தார் (உபா. 15:12-14). முன்பணம் கொடுத்த சகோதரனே, "நான் அவன் கஷ்டத்துக்குத்தானே கொடுத்தேன்" என்பீர். மெய்தான். ஆனால் அவன் மகள் பள்ளிக்கூடம் போகாமல் அதே பட்டறையில் உட்கார்ந்து கொலுசுக்குக் கண்ணி கோர்க்கிறாளே, அது யார் கணக்கில் எழுதப்படும்?

வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்கின வெள்ளியை எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது, சேதாரம் என்று கூடுதலாய்க் காட்டுவதும் கள்ளத்தராசுதான். முதலாளி பார்க்கும்போது ஒரு வேகம், டீ குடிக்கப் போனபின் ஒரு வேகம் கூடாது (கொலோ. 3:22).

வருகிற சனிக்கிழமை சபையில் உபவாச ஜெபம் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை பல இடங்களில் வாரக்கூலி நாள். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனையே, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினவர் நம் ஆண்டவர் (மத். 5:23,24). ஆகையால் ஆள்காரருக்குப் பாக்கி வைத்திருக்கிறவர்கள் முதலில் போய் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறவர்கள் பேசிவிட்டு, இரண்டு பேருமாய்ச் சேர்ந்து வாருங்கள். தாமதமானாலும் பரவாயில்லை, நாங்கள் பாடிக்கொண்டே காத்திருப்போம்.