பேதை மகளின் சம்பாத்தியம்

"வானத்தை ஆராய்கிற விஞ்ஞானிகள் ஜோதிடத்தை நம்புகிறார்களா?" என்று வாசகர்கள் அடிக்கடி என்னைக் கேட்கிறார்கள். கதை எழுதுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதானா இது என்று முதலில் தோன்றும். ஆனால் அந்தக் கடிதங்களை நிதானமாகப் படித்தால், அவர்கள் விஞ்ஞானிகளைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை என்பது விளங்கும். கடைசி இரண்டு வரியில்தான் விஷயம் இருக்கும். பெண்ணுக்கு முப்பது வயது நெருங்குகிறது, செவ்வாய் தோஷம் என்கிறார்கள். அல்லது, மகனுக்கு ஏழரைச் சனி, கடை வைக்கலாமா கூடாதா? தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கிறவரே "உண்டு" என்று சொல்லிவிட்டால் மனம் ஒரு பக்கமாக அடங்கிவிடும். "இல்லை" என்று சொல்லிவிட்டால் சற்றுத் துணிச்சல் வரும். ஆகவே இது வானத்தைப் பற்றிய கேள்வியல்ல, வீட்டைப் பற்றிய கேள்வி. கதை எழுதுகிறவனும் இதற்குப் பதில் சொல்ல முயலலாம்.

நேரான பதில் சுருக்கமானது. இன்றைய வானநூலார் பொதுவாக ஜோதிடத்தை நம்புவதில்லை. 1975-ஆம் ஆண்டில் பார்ட் போக் என்ற வானநூல் அறிஞர் முன்னின்று, 186 விஞ்ஞானிகள் ஜோதிடத்தை மறுத்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நோபல் பரிசு பெற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் கார்ல் சாகன் கையெழுத்திட மறுத்துவிட்டார். ஜோதிடத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்ததா என்றால், கொஞ்சமும் இல்லை. அறிக்கையின் அதிகாரத் தொனிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. 'நாங்கள் பெரியவர்கள் சொல்லுகிறோம், நம்பாதே' என்பது போல அது இருக்கிறது என்று அவர் எண்ணினார். பெரியவர் சொன்னார் என்பதற்காக நம்புவது தவறென்றால், பெரியவர் சொன்னார் என்பதற்காக நம்பாமல் இருப்பது மட்டும் சரியாகுமா? இந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. எனவே, விஞ்ஞானிகளின் பெயரை மட்டும் காட்டி வாசகர்களை நான் பயமுறுத்தப் போவதில்லை.

நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. "பஞ்சாங்கத்தில் போட்டபடி கிரகணம் பிடிக்கிறதே! அது சரியென்றால் ஜாதகமும் சரியாகத்தானே இருக்க வேண்டும்?" கேட்பதற்கு எடுப்பான வாதம். ஆனால் கிரகணத்தைக் கணக்கிடுவது வானநூல். நிழல்தான் கிரகணத்துக்குக் காரணம் என்று கி.பி. 499-லேயே ஆரியபடர் எழுதிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரி, 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். கண்ணால் பார்க்கும் வானத்தோடு பஞ்சாங்கக் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று பாடுபட்டவரும் அவரே. சந்திரன் எந்த நிமிஷத்தில் எங்கே நிற்கும் என்பதைக் கணக்கு சொல்லும். அது அங்கே நின்றால் உங்கள் மாமனாருக்கு என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் எங்கும் வராது. தபால்காரர் கடிதத்தைச் சரியான நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தார் என்பதற்காக, அதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா?

இன்னொன்றையும் யோசிக்கலாம். பூமியின் அச்சு, சுற்றும் பம்பரம் தலையாட்டுவது போல, சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை வட்டமாகச் சாய்ந்து வருகிறது. அதனால் ராசிகளின் தொடக்கப் புள்ளி மெல்ல நகர்கிறது. நம் ஜோதிடர்கள் அயனாம்சம் என்று சுமார் 24 பாகையைக் கழித்துக்கொள்கிறார்கள். மேல்நாட்டு ஜோதிடர்கள் கழிப்பதில்லை. ஏப்ரல் முதல் தேதியில் பிறந்த குழந்தைக்குச் சூரியன் மேஷத்தில் என்பார் லண்டன் ஜோதிடர். மீனத்தில் என்பார் கும்பகோணத்து ஜோதிடர். வானம் ஒன்று, குழந்தையும் ஒன்று. பலன் மட்டும் இரண்டு!

இருந்தாலும், வானநூலும் ஜோதிடமும் ஒரே வீட்டில் குடியிருந்த காலம் ஒன்று உண்டு. நம் வராகமிகிரர் இரண்டிலும் நூல் செய்தவர். ஐரோப்பாவில் அந்தக் கூட்டுக் குடித்தனத்தின் கடைசிப் பெரிய மனிதர் என்று யோஹான்னஸ் கெப்ளரைச் சொல்லலாம். கிரகங்கள் வட்டத்தில் அல்ல, நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டு சொன்னவர் அவர். 1571-இல் பிறந்த அந்த மனிதர், தாம் கருவில் உருவான நேரத்தைக்கூட நிமிஷக் கணக்கில் குறித்து வைத்திருந்தார்!

கிராஸ் நகரத்தில் கணித ஆசிரியராக அவர் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆண்டுதோறும் பலன்களோடு பஞ்சாங்கம் எழுதுவதும் உத்தியோகத்தில் ஒரு பகுதியாக இருந்தது. 1595-ஆம் ஆண்டுக்குக் கடுங்குளிரும் துருக்கியர் படையெடுப்பும் வரும் என்று எழுதினார். இரண்டும் வந்தன. ஊரே அவரைக் கொண்டாடியது. அவருக்கு மட்டும் உள்ளூரக் கூச்சம். பின்னாளில் அவர் எழுதியதன் கருத்து இது: ஜோதிடம், வானநூல் என்னும் அறிவுள்ள தாயின் பேதை மகள். ஆனால் அந்தப் பேதை சம்பாதித்துப் போடாவிட்டால் தாய் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

இந்த ஒப்புதலைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது. பத்திரிகை கேட்கிறபடி எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற நாங்கள், கெப்ளரைப் பார்த்துக் கை நீட்டிக் குற்றம் சொல்ல முடியுமா? அவருக்குச் சம்பளமும் ஒழுங்காக வந்ததில்லை. வர வேண்டிய பாக்கியை வசூலிக்கப் போன இடத்தில்தான், 1630-இல் ரீகன்ஸ்பர்க் நகரில், ஜுரம் கண்டு இறந்தார்.

அவர் வெறும் வயிற்றுப்பாட்டுக்காக வேஷம் போட்டார் என்று சொல்வதும் நியாயமல்ல. கிரகங்கள் தம்முள் அமைக்கும் கோணங்கள் பூமியின் மீதும் மனிதர் மீதும் ஏதோ ஒரு சாயலைப் படியவிடுகின்றன என்று அவர் கடைசிவரை நம்பினார். ஆனால் ராசி வீடுகளையும், இன்ன தேதியில் இன்னது நடக்கும் என்கிற குறிப்பலனையும் அவர் ஏற்கவில்லை. வாலன்ஸ்டைன் என்ற படைத்தலைவருக்கு அவர் ஜாதகம் கணித்தது பிரசித்தம். பின்னால் அந்தத் தளபதி இன்னும் நுணுக்கமான பலன்களைக் கேட்டபோது, நட்சத்திரங்களிலிருந்து அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று கெப்ளர் கண்டிப்பாகவே பதில் எழுதினார். அவர் எழுதிய பலன்கள் 1634-ஆம் ஆண்டோடு நின்றன. அந்த ஆண்டு பிப்ரவரியில் வாலன்ஸ்டைன் கொலையுண்டார். 'பார்த்தீர்களா!' என்று நம்பிக்கையுள்ளவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் கொலை என்று கெப்ளர் எழுதவில்லை. கூடவே சம்பளத்துக்கு ஒரு ஜோதிடரை வைத்திருந்தும் தளபதியால் தப்ப முடியவில்லை.

கெப்ளரின் வாழ்க்கையில் என்னை அதிகம் பாதித்தது வேறொரு சம்பவம். 1615-இல் அவருடைய தாயார் கத்தரீனாவைச் சூனியக்காரி என்று அக்கம்பக்கத்தார் குற்றம் சாட்டினார்கள். ஒருத்திக்கு வயிற்றுவலி, கிழவி கொடுத்த பானம்தான் காரணம். இன்னொருவருக்குக் கால் முடங்கிற்று, அதற்கும் கிழவிதான் காரணம். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாளை 1620-இல் சிறையில் வைத்துச் சங்கிலியால் பிணைத்தார்கள். மகன் தம் ஆராய்ச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எடுத்துக்கொண்டு, இந்த நோய்க்கு இயற்கையான காரணம் இது, இந்தச் சாட்சி நேற்று ஒன்று சொன்னான், இன்று ஒன்று சொல்கிறான் என்று வழக்கறிஞரைப் போல எழுதி வாதாடினார். 1621-இல் தாயார் விடுதலையானார்.

இதை ஏன் சொல்கிறேன்? யாருக்கோ வந்த கஷ்டத்துக்கு, அதில் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணைப் பொறுப்பாக்குவது மனிதனுக்கு மிகச் சுலபமாக இருக்கிறது. நம் ஊரில் மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். 'மாமனாருக்கு ஆகாது' என்று ஒரே வார்த்தை. ஆயில்யமென்றால் மாமியாருக்கு ஆகாது. மூலம் என்பது விருச்சிகத்தின் வால் பக்கத்து நட்சத்திரக் கூட்டம். அதில் பிரகாசமாகத் தெரிவது பல நூறு ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. இன்று இரவு நாம் பார்க்கும் அதன் வெளிச்சம், அந்தப் பெண்ணின் பாட்டிக்குப் பாட்டி பிறப்பதற்கு முன்பே புறப்பட்டது. சந்திரன் அந்தத் திக்கில் நின்ற வேளையில் பிறந்தாள் என்பதற்காக, இன்னும் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு கிழவரின் ஆயுளுக்கு அவள் ஜவாப்தாரி!

வானநூலார் வெறுமனே மறுத்துக்கொண்டிருக்கவும் இல்லை. நம் நாட்டின் ஜயந்த் நார்லிகர் ஜோதிடர்களுக்கு நியாயமாக ஒரு வாய்ப்பைக் கொடுத்தார். நண்பர்களோடு சேர்ந்து மகாராஷ்டிரத்தில் 200 குழந்தைகளின் பிறப்பு விவரங்களைத் திரட்டினார். 100 பேர் நன்றாகப் படிக்கிறவர்கள், 100 பேர் மூளை வளர்ச்சி குன்றியவர்கள். ஆளுக்கு 40 ஜாதகங்கள் கொடுத்து, எது எந்த வகை என்று மட்டும் சொல்லும்படி கேட்டார். 27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள். சரியாக இருந்தவை சராசரியாக நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்தாலே 50 வந்திருக்கும்! 2009-இல் இந்த முடிவு வெளியாயிற்று.

இந்த 46-ஐப் படித்து நான் சிரிக்கவில்லை. அந்த நூறு குழந்தைகளின் தாய்மாரை நினைத்துக்கொண்டேன். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வியோடு அவர்களில் எத்தனை பேர் ஒரு ஜோதிடரின் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பார்கள்! அவர்களைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வராது. அந்தத் திண்ணையில் ஒரு மனிதர் அரை மணி நேரம் அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறார். 'உன் குற்றம் ஒன்றுமில்லையம்மா, கிரகம்' என்கிறார். வேறு யாரும் கொடுக்காத ஆறுதல் அது. பொய்யான ஆறுதல்தான். ஆனால் மெய்யான ஆறுதலைக் கையில் வைத்துக்கொண்டு யார் அவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள்?

ஆகவே நான் ஓர் எல்லைக்கோடு போட்டுக்கொள்கிறேன். ஒருவர் தம் துக்கத்தைத் தாங்கிக்கொள்ள ஜாதகத்தைப் புரட்டினால், அது அவருடைய சொந்த விஷயம். நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதே ஜாதகத்தை இன்னொருவரின் வாழ்க்கையைத் தடுக்க எடுக்கும்போது, அது ஆறுதல் அல்ல. விசாரணையில்லாமல் விதிக்கிற தண்டனை. கெப்ளரின் தாயாருக்காவது பதில் சொல்ல ஒரு நீதிமன்றம் இருந்தது, வாதாட ஒரு மகன் இருந்தார். 'ஜாதகம் பொருந்தவில்லை' என்று தபாலில் திரும்பி வருகிற பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

தம் ஜாதகத்தைத் தாமே அலசிப் பார்த்த கெப்ளர் ஓரிடத்தில் ஓர் அருமையான கருத்தைச் சொல்கிறார். தம்மை உருவாக்கியவை புதனும் செவ்வாயும் அல்லவாம். கோபர்னிக்கஸும் டைகோ பிராகியும்தான் தம்முடைய நட்சத்திரங்களாம். அதாவது, தமக்குக் கற்றுக்கொடுத்துப் பாதை காட்டிய மனிதர்கள். வானத்தை அவ்வளவு தெரிந்துகொண்டவர், கடைசியில் பூமியில் நடமாடியவர்களைத்தான் சுட்டிக் காட்டினார்.

கடிதம் எழுதிய வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வானநூலார் நம்புகிறார்களா என்று இனிமேல் கேட்க வேண்டாம். ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்ல நேரும்போது, அதற்குச் சொல்கிற காரணத்தை அவள் முகத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா என்று மட்டும் யோசியுங்கள். முடியாதென்றால், நட்சத்திரங்களின் மீது பழியைப் போடாதீர்கள்.