உண்மையைத்தான் சொன்னேன்

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் என் மனைவியும் பெங்களூரு கப்பன் பூங்காவுக்குப் போயிருந்தோம். நடப்பது, கால் வலித்தால் உட்கார்வது, பசித்தால் வீட்டுக்குத் திரும்புவது. இதைத் தவிரத் திட்டம் எதுவும் இல்லை. அன்று அங்கே ஒருவரிடம் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். மூன்று சொற்கள்தான். மூன்றும் உண்மை. அதைச் சொன்னது சரியா என்று அன்று மத்தியானம் தொடங்கிய பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

முதலில் அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். அது நல்ல நாளாகத்தான் தொடங்கியது.

நம் கணக்குப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கும். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பெங்களூரு மரங்கள் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. டபேபுயா மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு உச்சி முதல் கீழ்க்கிளை வரை இளஞ்சிவப்பாக நிற்கின்றன. அதிலேயே மஞ்சள் வகை இன்னொரு பக்கம். புங்கை மரம் எண்ணெய் தடவியது போலப் புதுத்துளிர் விடுகிறது. இன்னும் கொஞ்ச நாளில் ஜக்கராண்டாவின் ஊதா வந்துவிடும். இது முழுக்கத் தற்செயல் இல்லை. 1908இல் லால்பாக் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த குஸ்தாவ் க்ரும்பீகல் என்ற ஜெர்மானியர், ஆண்டின் எந்தக் காலத்திலும் இந்த நகரத்தில் ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று திட்டம் போட்டு மரங்களை நடவைத்தவர். ஒன்று முடிக்கும்போது இன்னொன்று தொடங்கும்.

கப்பன் பூங்கா அவருக்கும் முந்தையது. 1870இல் ரிச்சர்ட் சாங்கி என்ற ராணுவப் பொறியாளரின் மேற்பார்வையில் உருவானது. இன்றைக்குச் சுமார் 300 ஏக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்சாலைகளில் வண்டிகளை விடுவதில்லை. அதனால் அன்று முழு ஊரும் நடுரோட்டில் நடக்கும். குழந்தைகள் சைக்கிள் பழகுவார்கள். யாரோ படம் வரைவார்கள், யாரோ மரத்தடியில் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துத் தூங்குவார்கள். சும்மா இருப்பதற்குக் காசு கேட்காத இடம் நகரத்தில் இதுபோல அதிகம் இல்லை.

வாசலில் மிளகாய்த்தூள் தடவிய மாங்காய் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். ஒரு மணி நேரம் நடந்திருப்போம். வெயில் சுள்ளென்று இருந்தது, மரத்தடிக்கு வந்தால் உடனே குளிர்ந்தது. மூங்கில் புதர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி, மூங்கில் நிழலில், தரையில் ஒரு பையனும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். நடுவில் ஒரு டிபன் பாக்ஸ். மாறி மாறி ஒரே ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். வெள்ளைத் தொப்பி, நடைக்கான ஷூ. எங்கள்முன் நின்று கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் அவளைத் தமிழில் எழுப்பியதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார்.

“நீங்க ரெண்டு பேரும் யாரு?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் சொன்னேன்: “கல்யாணம் ஆயிடுச்சு சார்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியா! சந்தோஷம். எந்த ஊரு?” திருச்சிப் பக்கம் என்றேன். அவருக்கு வேலூர். வந்து நாற்பது வருடம் ஆகிறதாம். “தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. இங்க கண்டதுங்களும் வந்து உக்காருது. குடும்பம் நடமாட முடியல. அதான் கேட்டேன். நீ படுத்துக்கம்மா.”

பிறகு நேராக அந்த மூங்கில் நிழலுக்குப் போனார். கன்னடத்தில்தான் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது. எங்களைக் கை காட்டியது முழுசாகப் புரிந்தது. அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு எழுந்தாள். பையன் டிபன் பாக்ஸின் மூடியைப் பொருத்தப் பார்த்தான், கை நடுங்கியதில் அது பொருந்தவில்லை. அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள்.

அந்த நேரத்தில் நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தேன்.

*

“நீ ஏன் அப்படிச் சொன்ன?” என்றாள்.

“என்ன சொன்னேன்? உண்மையைத்தானே சொன்னேன்.”

“அவரு கேட்டா நீ சொல்லணுமா?”

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால், சென்னையில் ஒரு பூங்காவில், இதே கேள்வியை எங்களிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். அன்று பதில் சொன்னது அவள். “எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுண்ணா.” தாலி எங்கே என்று அடுத்த கேள்வி. “வேலைக்குப் போறப்ப கழட்டி வெச்சிருவேன்” என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். வெளியே வந்த பிறகு ஒரு டீக்கடையில் நின்று கைநடுக்கம் நிற்கும்வரை சிரித்தோம்.

அன்று சொன்னது பச்சைப் பொய். அதற்காக எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் கூச்சம் வந்ததில்லை. இன்று சொன்னது உண்மை. இதற்குத்தான் கூச்சமாக இருக்கிறது. இது எப்படி?

பொய் சொல்லலாமா என்பது தத்துவத்தில் பழைய சண்டை. 1797இல் இம்மானுவேல் காண்ட் எழுதிய சிறு கட்டுரை ஒன்று அதற்குப் பேர்போனது. கொலைகாரன் ஒருவன் துரத்த, உங்கள் நண்பன் உங்கள் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான். கொலைகாரன் கதவைத் தட்டி ‘அவன் உள்ளே இருக்கிறானா’ என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்றார் காண்ட். இதைப் படிக்கும் யாரும் முதலில் அதிர்ச்சியடைவார்கள், பிறகு அவருக்காக வாதாடப் பார்ப்பார்கள்.

நம் ஊரில் பிறந்தவருக்கு இந்த அதிர்ச்சி கொஞ்சம் குறைவாகவே இருக்கும். வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி, முதல் குறளிலேயே இலக்கணம் சொல்லிவிடுகிறார். எவருக்கும் தீங்கு இல்லாத சொல் எதுவோ அதுதான் வாய்மை. அடுத்த குறளில் இன்னும் ஒரு படி போகிறார். குற்றமில்லாத நன்மை விளையும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கதே. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, இரண்டாவது குறள் பொய் சொல்பவர்களுக்குக் கொடுத்த சலுகை என்றுதான் நினைத்தேன். முதல் குறள் உண்மை பேசுபவர்களை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதைக் கவனிக்கவே இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால் மட்டும் அது வாய்மை ஆகிவிடாது. அந்தச் சொல் யார்மேல் போய் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

அவளுடைய பொய் யார்மேலும் விழவில்லை. என்னுடைய உண்மை பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த இரண்டு பேர்மேல் விழுந்தது.

*

எனக்கும் வாதம் இருந்தது. சொன்னேன். “நான் சொல்லலைன்னாலும் அவரு அவங்ககிட்ட போயிருப்பாரு.”

“போயிருப்பாரு. ஆனா நம்மகிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்க யோசிக்க அவள் சொன்னதுதான் விஷயம் என்று படுகிறது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அதைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ‘எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு’ என்றால், ஆகாதவர்களை நீங்கள் கேட்கலாம் என்றும் பொருள். விதிவிலக்கைக் கேட்டு வாங்குபவர் விதிக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறார்.

பெரியவரின் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். பூங்கா எல்லாருக்கும் பொது. பேரக்குழந்தையோடு வருபவருக்கும் அங்கே சங்கடமில்லாமல் நடக்க உரிமை உண்டு. பொது இடத்தில் எதையும் செய்யலாம் என்று நானும் சொல்ல மாட்டேன். சட்டமும் சொல்வதில்லை. பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவாகும்படி ஆபாசமாக நடப்பது முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 294ஆம் பிரிவின் கீழ் குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஆனால் அந்தப் பிரிவு பார்ப்பது நடத்தையை. தாலி இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

பெரியவர் நடத்தையைப் பார்த்திருந்தால் கணக்கு நேர்மாறாக இருந்திருக்கும். தோளில் சாய்ந்து கிடந்தது என் மனைவி. அந்தப் பிள்ளைகள் நடுவில் ஒரு டிபன் பாக்ஸே இருந்தது. எங்களுக்கு ‘படுத்துக்கம்மா’ கிடைத்தது, அவர்களுக்கு விரட்டு. அப்படியென்றால் அவரை உறுத்தியது எங்கள் செய்கை எதுவும் இல்லை. யாருடைய அனுமதியும் இல்லாமல் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்களே என்பதுதான். எங்கள் பின்னால் இரண்டு குடும்பங்களும் ஒரு மண்டபமும் பத்திரிகையும் இருக்கின்றன என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதி.

இந்தப் பூங்காவின் ஓரத்திலேயே ஒரு பெரிய சிவப்புக் கட்டடம் இருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம். அங்கே நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில்தான் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் தன் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை, அது இடத்தோடு ஒட்டியதல்ல, ஆளோடு ஒட்டியது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அதற்கும் முன்பு, 2005இல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாட்டில் வழக்குமேல் வழக்காகப் போட்டார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. சட்டம் மெதுவாகவாவது நகர்ந்துவிட்டது. பெஞ்சுக்கு முன்னால் வந்து நிற்பவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

‘நம்ம பண்பாடு’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குத் தொல்காப்பியம்தான் நினைவுக்கு வருகிறது. அதில் கற்பியலுக்கு முன்னால் வருவது களவியல். ஊருக்குத் தெரியாமல் இருவர் சந்திப்பதற்கும் அங்கே இலக்கணம் உண்டு. பகலில் சந்திக்கும் இடத்துக்குப் பகற்குறி, இரவுக்கு இரவுக்குறி என்று பெயர். மணச் சடங்குகளைப் பற்றிச் சொல்லும்போது, பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகு வகுக்கப்பட்டவை என்கிறது அந்நூல். ஊர் அன்றும் சும்மா இருக்கவில்லைதான். ஊரார் வம்புக்கு ‘அலர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பூ விரிவதற்கும் அதே சொல். ஆனால் அலரைக் கேட்டு வருந்தும் பெண்ணின் பக்கத்தில்தான் அகப்பாடல்கள் நிற்கின்றன. அலர் தூற்றுபவரை யாரும் பண்பாட்டின் காவலர் என்று கொண்டாடவில்லை.

*

என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவளிடம் கேட்டேன்.

“ஏன் கேக்குறீங்க சார்னு கேட்டிருக்கலாம். இல்ல, ஒண்ணும் சொல்லாம சும்மா சிரிச்சிருக்கலாம்.”

“சண்டையாயிருந்தா?”

“ஆகியிருந்தா என்ன? கடைசில அப்பாவுக்குப் போன் பண்ணுவேன்னு மிரட்டுவாரு. பண்ணச் சொல்லு. எங்கப்பா மாப்பிள்ளை சாப்பிட்டாரான்னு கேப்பாரு.”

சிரித்துவிட்டோம். ஆனால் அன்று பேசியதில் எனக்கு மிகவும் உறைத்தது இந்த இடம்தான். எங்களுக்குப் போன் வந்தால் அது வேடிக்கை. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அதே போன் போயிருந்தால்? படிப்பு நின்றிருக்கலாம். அவசரக் கல்யாணம் நடந்திருக்கலாம். சாதி வேறாக இருந்தால் அதற்குமேல் என்ன நடக்கும் என்று ஆணவக் கொலைச் செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதில் சொல்ல மறுக்கும் துணிச்சலை அவளிடம் எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. அவள் பொய் சொல்லலாம், ஓடலாம், முகத்தை மூடிக்கொள்ளலாம். மறுத்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பக்கூடியவர்கள் அன்று அங்கே இருந்ததில் நாங்கள் இரண்டு பேர்தான். கையில் சீட்டு வைத்திருப்பவனால்தான் அதைக் காட்டாமல் நிற்க முடியும். நான் கேட்டவுடன் எடுத்து நீட்டினேன்.

என்னை நானே ரொம்பவும் திட்டிக்கொள்ள விரும்பவில்லை. பெரியவர் ஒருவர் முன்னால் வந்து நின்றதும் வாயில் முதலில் வந்த சொல் அது. பல வருடம் பயத்தோடு உட்கார்ந்து பழகிய உடம்பு, இனி பயமில்லை என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் சொன்ன சொல் என்றுகூடச் சொல்லலாம். ‘கல்யாணம் ஆயிடுச்சு சார்’ என்றபோது என் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதுதான் இப்போது கூசுகிறது. மூன்று சொற்களும் உண்மை, சொன்ன தொனி மட்டும் அந்தப் பெரியவருடையது.

ஏப்ரலில் மறுபடியும் போனோம். ஜக்கராண்டா பூத்துக் கொட்டியிருந்தது. வேண்டுமென்றே அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன், வரும் வழியில் ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்திருந்தேன். ஒரு வெள்ளைத் தொப்பி தூரத்தில் வந்தது. வேறு யாரோ. எங்களைப் பார்த்தார், அவளுடைய கழுத்தைப் பார்த்தார், புன்னகைத்துவிட்டுப் போனார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. மூங்கில் நிழல் காலியாக இருந்தது.